ஊர் தெரியாத வார்த்தை

அந்த அக்கா எப்போதும் சாவுச் செய்தி சொல்வதைப் போலத்தான் ஆரம்பிப்பார். காலையில் நான் குக்கரை இறக்கிக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்கும். நாலே எட்டில் எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார். கையில் அட்டை பிய்ந்துபோன தடிமனான அகராதி, மூக்கு நுனியில் கண்ணாடி.

"ஏம்மா, ஒண்ணு செத்துப்போச்சு தெரியுமா?"

முதல் தடவை கேட்டபோது என் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்துவிட்டது. என் கணவர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர். பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் திருவண்ணாமலைக்கு வருவார். யார் எந்த விபத்தைப் பற்றிப் பேசினாலும் எனக்கு அவருடைய பைக் ஞாபகம் வரும். "யாருக்கா? எப்போ?" என்று பதறினேன்.

"ஐதர்ல்" என்றார் அக்கா.

"யாரு?"

"யாரும் இல்லம்மா. வார்த்த. ஜன்னலுக்கு இங்கிலீஷ்காரன் அந்தக் காலத்துல வெச்ச பேரு. ஐன்னா கண்ணு, தர்ல்னா ஓட்ட. கண்ணு ஓட்ட! அப்புறம் கப்பல்ல கொள்ளையடிக்க வந்தவங்க விண்டோனு ஒண்ண கொண்டாந்தாங்க, காத்தோட கண்ணுனு அர்த்தம். புதுசு வந்ததும் பழசு பட்டுனு செத்துப்போச்சு. நம்ம கிட்டயும் காலதர்னு ஒண்ணு இருந்துது. கால்னா காத்து, அதர்னா வழி. அதையும் சாவடிச்சுட்டு, போர்த்துகீசுக்காரன் குடுத்த ஜன்னல வெச்சுக்கினு உக்காந்துக்கினு இருக்கறோம்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, ரகசியம் சொல்வதுபோலக் குனிந்தார். "ஆனா தர்ல் முழுசா சாவல. நாஸ்ட்ரில்ல இருக்குது பாரு, மூக்கு ஓட்ட. அங்க போய் ஒளிஞ்சுக்கினு உசுர காப்பாத்திக்கிச்சு, திருட்டுப் பய."

சிரித்தார். முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே கிடந்த கரண்டியை எடுத்துக் கழுவினேன்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால் புதிதாக வீடுகள் முளைத்த தெரு அது. அக்காவுக்கு அப்போது ஐம்பத்திரண்டோ மூன்றோ இருக்கும். கீழ்பென்னாத்தூரில் மணிலாக் கடலை பயிர் வைக்கிற குடும்பம். தனியாக இருந்தார், ஏன் என்று நான் கேட்டதில்லை. நிலத்தகராறு உள்ளவர்கள் வெள்ளைக்காரன் காலத்து ஆங்கிலப் பத்திரங்களைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவற்றைப் படித்துத் தமிழில் எழுதிக் கொடுப்பதுதான் அவர் வேலை. அந்தப் பத்திரங்களால்தான் அவருக்கு இந்தப் பித்துப் பிடித்திருக்கிறது. மெஸ்ஸுவேஜ் என்று ஒரு சொல்லாம். வீடும் வீட்டைச் சேர்ந்த இடமும் என்று பொருள். எவனோ ஒரு குமாஸ்தா வேறொரு சொல்லைத் தப்பாக நகல் எடுத்ததில் அது பிறந்திருக்கலாம் என்று அகராதியில் போட்டிருந்ததாம். "ஒருத்தன் தூக்கக் கலக்கத்துல பண்ண தப்பு, கோர்ட்டுலயெல்லாம் கால் மேல கால் போட்டுக்கினு உக்காந்துருக்குது!" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

அவருக்குக் கூச்சமே கிடையாது. பஸ் கண்டக்டரிடம் கேட்பார், தாலுகா ஆபீஸில் அதிகாரியிடம் கேட்பார். செங்கம் ரோட்டில் காவி வேட்டி கட்டிக்கொண்டு போகும் வெள்ளைக்காரர்களை நிறுத்தி, "சார், யுவர் மதர் யூஸ் திஸ் வேர்ட்?" என்று கேட்பார். சிலர் முறைத்துக்கொண்டு போய்விடுவார்கள். சிலர் கடை வாசலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவார்கள். நான் பக்கத்தில் நிற்க நேர்ந்தால் யாராவது பார்க்கிறார்களா என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். அவரைப் படைக்கும்போது பயம் என்ற ஒன்றை வைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு இரண்டு பேருக்கானதையும் சேர்த்து வைத்துவிட்டார்கள்.

என் மகள் யாழினிக்கு இரண்டேமுக்கால் வயதாகியும் பேச்சு வரவில்லை. இதைச் சொல்லாமல் அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது.

காது நன்றாகக் கேட்டது. சொன்னது புரிந்தது. செருப்பை எடுத்து வா என்றால் எடுத்து வருவாள். ஆனால் வாய் திறக்க மாட்டாள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா ஒருவரிடம் அழைத்துப்போனேன். குழந்தை எத்தனை வார்த்தை பேசுகிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். போனில் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டேன். அதில் மூன்று மாதமாக இருந்தது இரண்டே வரிதான். ஒன்று, "தா". இன்னொன்று, "அம்மா – என்னைப் பார்த்துத்தான் சொன்னாளா என்று சந்தேகம்".

நான் ஒரு தனியார் பள்ளியின் ஆபீஸில் டைப்பிங் வேலை பார்த்தேன். பால்வாடியில் விட்டால் யாழினிக்கு மாதத்தில் இருபது நாள் சளி. அக்காதான் சொன்னார்: "எங்கிட்ட உட்டுட்டுப் போ. நான் வூட்லதான கெடக்கறேன். இவ ஒரு நெஷ்."

"நெஷ்னா?"

"பூஞ்ச உடம்பு. குளிர் தாங்காது. இங்கிலாந்துல ஏதோ மூலைல கெழவிங்க மட்டும் இன்னும் சொல்லிக்கினு இருக்காங்களாம். முழுசா சாவல, இழுத்துக்கினு இருக்குது."

அப்படித்தான் காலை ஒன்பதரையிலிருந்து நாலரை வரை யாழினி அக்காவின் வீட்டில் இருக்க ஆரம்பித்தாள். அக்கா பத்திரம் எழுதிக்கொண்டே அவளிடம் பேசிக்கொண்டிருப்பார். பேச்சு நிற்கவே நிற்காது. தெருநாய் ஒன்று வாசலில் உட்கார்ந்து நாம் சாப்பிடுவதையே பார்க்கும். அப்படிப் பார்ப்பதற்கு க்ரோக் என்று பெயராம். பெயர் நாய்க்கே ஒட்டிக்கொண்டது. யாழினிக்கும் ஒரு பெயர் வைத்தார். டாண்டிப்ராட்.

"சின்னக் காசும்மா. முன்ன இங்கிலாந்துல ஒரு ராசா அடிச்சு உட்ட பொடிக் காசு. அப்புறம் பொடிசுங்கள அப்படிக் கூப்புட்டாங்க. எங்கிருந்து வந்துதுனு ஒருத்தனுக்கும் தெரியல. அகராதில இன்னா போட்டிருக்குது பாரு, மூலம் தெரியவில்லை. ஊரு தெரியாத வார்த்த! எனக்கு ரொம்பப் புடிச்சது அதுதான்."

"அதுவும் செத்துப்போனதாக்கா?"

"எப்பவோ. தெவசம் குடுக்கக்கூட ஆளு இல்ல."

நான் சிரித்து வைத்தேன். ஆனால் அன்று முழுக்க ஆபீஸில் டைப் அடிக்கும்போது அதே நினைப்பு. உயிரோடு இருக்கும் குழந்தையைச் செத்துப்போன ஒன்றால் கூப்பிடலாமா? படித்த நான் இப்படி யோசிப்பது அசட்டுத்தனம் என்றும் தோன்றியது. ஒருவேளை அசட்டுத்தனம் இல்லையென்றால் என்றும் தோன்றியது. அக்காவிடம் சொன்னால் வருத்தப்படுவார். சொல்லாவிட்டால் நான் நல்ல தாய் இல்லை. சாயங்காலம் போய், "அக்கா, அவளுக்குக் கொஞ்சம் திருஷ்டி சுத்திப் போடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்கும் ஒன்று கொடுத்தார். விடிவதற்கு முன்னால் எனக்கு விழிப்பு வந்துவிடும். யாழினி பேசவே மாட்டாளோ என்ற யோசனை ஆரம்பிக்கும், அங்கிருந்து எங்கெங்கோ போகும். அதைச் சொன்னதும் அக்காவின் கண் விரிந்தது. ஓடிப்போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். "உட்கியாரே! பழைய இங்கிலீஷ்ல உட்டுனா விடியறதுக்கு முந்தின இருட்டு. கியாரேனா கவல. ஆயிரம் வருசத்துக்கு முன்ன எவளோ உன்ன மாதிரியே முழிச்சுக்கினு படுத்திருந்திருக்கா பாரேன். அதுக்குனு தனியா பேரே வெச்சிருக்காங்க."

அவர் எனக்கு ஒரு துணையைக் கண்டுபிடித்துக் கொடுத்த சந்தோஷத்தில் இருந்தார். எனக்கோ அதுவரை அது வெறும் தூக்கக்குறைவு. அன்றிலிருந்து பெயருள்ள ஒன்று தினமும் வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்தது.

ஒரு நாள் அழைத்து வரப் போனபோது யாழினி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அய்த்" என்றாள். பிறகு நாயைக் காட்டி, "க்ரோ" என்றாள். அக்கா கைதட்டினார். "பேசறா பாரு! ஒரு வாரமா சொல்றா!"

வீட்டுக்கு வந்து இரண்டையும் பட்டியலில் சேர்த்தேன். போனில் கணவரிடம் சொன்னேன். "அது பேச்சா? எந்த ஊர்ல ஜன்னல அப்படிச் சொல்றாங்க? அதெல்லாம் எழுதாத. டாக்டர் சிரிப்பாங்க" என்றார் அவர். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகப் பட்டது. யாருக்கும் புரியாதது எப்படிப் பேச்சாகும்? இரண்டு வரியையும் அழித்தேன். அதற்குப் பிறகு வந்தவற்றை நான் எழுதவே இல்லை.

இந்த ஊருக்கு வாழ வந்த முதல் பௌர்ணமியிலேயே என்னைப் பிடித்துக்கொண்ட பயம் ஒன்று உண்டு. கிரிவலப் பாதையில் மைக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நீல கவுன் போட்ட பெண் குழந்தை, வயது சுமார் மூன்று, பேர் சொல்லத் தெரியவில்லை, பெற்றோர் உடனே காவல் உதவி மையத்துக்கு வரவும். லட்சம் பேர் நடக்கும் ஊரில், தன் பேரைச் சொல்லத் தெரியாத பிள்ளையை நான் வளர்த்துக்கொண்டிருந்தேன். அதனால் பௌர்ணமி என்றால் காலையிலேயே யாழினியின் இடது முன்கையில் பால்பாயின்ட் பேனாவால் என் போன் நம்பரை எழுதிவிடுவேன். வீட்டை விட்டு நகராத நாளானாலும் எழுதுவேன்.

அக்கா கேலி செய்வார். "இன்னாம்மா, புள்ளய பார்சல்லயா அனுப்பற?"

அந்தப் பௌர்ணமியன்று பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன். எட்டரைக்கே வரச் சொல்லிவிட்டார்கள். யாழினியைத் தூக்கத்திலேயே அக்காவிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் நம்பர் எழுதாதது ஞாபகம் வந்தது. வீட்டில்தானே இருக்கப்போகிறாள் என்று மனதைச் சமாதானப்படுத்தினேன்.

மதியம் இரண்டரை மணிக்கு அக்காவிடமிருந்து போன்.

"ஏம்மா, பயப்படாத" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. "கொழந்த எங்கிட்ட இல்ல."

அடி அண்ணாமலையில் ஒருவருக்குப் பத்திரம் கொடுக்கவேண்டி இருந்திருக்கிறது. குழந்தையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். அன்று காலையில்தான் அகராதியில் டீஸில் என்ற சொல்லைப் பிடித்திருந்தாராம். வலப்பக்கமாகச் சுற்றி வருவது. ஸ்காட்லாந்துப் பக்கம் முன்பு நல்ல காரியத்துக்கு முன்னால் அப்படிச் சுற்றுவார்களாம். வலம் என்றாலும் வலது, பிரதட்சிணம் என்றாலும் வலது, இதற்கும் வேர் வலதுதான். மலையை வலம் வரும் கூட்டத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு அந்தச் சொல் கிடைத்தால் அக்காவால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? பத்திரத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது ஒரு வயதான வெள்ளைக்காரரை நிறுத்தி எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். அவர் ஸ்காட்லாந்து என்று சொல்லிவிட்டார். அப்படிச் சொல்லேன், இப்படிச் சொல்லேன் என்று அவர் உச்சரிப்பை எழுதிக்கொள்வதற்காகக் குழந்தையின் கையை விட்டிருக்கிறார். எழுதி முடித்துக் குனிந்தால் குழந்தை இல்லை.

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது என் காதில் விழுந்தது "இல்ல" மட்டும்தான்.

ஆட்டோக்காரர் உள்ரோடு வழியாக முடிந்தவரை கொண்டுவந்து விட்டார். அதற்குமேல் வண்டிகளை விடவில்லை. இறங்கி ஓடினேன். கூட்டம் முழுக்க எனக்கு எதிரே வந்துகொண்டிருந்தது. வெறுங்கால்கள், தண்ணீர் பாட்டில்கள், தோளில் தூக்கிய பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்த்தேன். "எம்மா, எதுர்ல போறியே, இப்படிச் சுத்தக்கூடாதும்மா" என்று ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்துத் திருப்பப் பார்த்தார். உதறிக்கொண்டு ஓடினேன். இந்தக் கூட்டத்தில் எத்தனை ஊர் வண்டி வந்திருக்கும், ஆந்திரா, பெங்களூர், எந்த வண்டியிலாவது ஏற்றிவிட்டால், அவளால் என்ன சொல்ல முடியும்? அவள் கையில் ஒன்றுமில்லை. வாயிலும் ஒன்றுமில்லை.

அப்போது மைக் கரகரத்தது.

"மஞ்சள் கவுன் போட்ட பெண் குழந்தை, சுமார் மூணு வயசு இருக்கும், உதவி மையத்துல இருக்குது. பேரு டாண்டினு சொல்லுது. டாண்டி. குழந்தையோட அம்மா அப்பா உடனே வரவும்."

"டாண்டியா? இன்னா பேருப்பா இது!" என்று கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். நான் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். ஒரு அம்மா தண்ணீர் கொடுத்தார். குடித்தேனா என்று ஞாபகமில்லை.

தகரக் கொட்டகையில் ஒரு பெண் போலீஸின் மடியில் யாழினி பிஸ்கெட் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தாவினாள். அந்தப் பெண் போலீஸ் அவளை விடவில்லை.

"இரும்மா. கொழந்த பேரு இன்னா?"

"யாழினி."

"அது டாண்டிங்குதே. எத்தன தடவ கேட்டாலும் நெஞ்சத் தொட்டுத் தொட்டு அதத்தான் சொல்லுது. ஆதார் எதுனா வெச்சிருக்கியா?"

பையை ஆபீஸிலேயே விட்டு வந்திருந்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டாண்டி நான் வெச்ச செல்லப்பேருங்க. வீட்ல அப்படித்தான் கூப்பிடுவேன்" என்றேன். போனில் இருந்த போட்டோக்களைக் காட்டினேன். அவர் நோட்டில் என்னவோ எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிள்ளையைக் கொடுத்தார்.

திரும்பினால் அக்கா நின்றுகொண்டிருந்தார். காலில் ஒரு செருப்புதான் இருந்தது. நான் சொன்னதைக் கேட்டிருப்பார். யாழினியின் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"கைல நம்பர் இருக்குமே, யாராவது உனக்குப் போன் பண்ணுவாங்கனு நெனச்சுக்கினே தேடினேன்" என்றார். "காலைல நான்தான் குளிப்பாட்னேன். சோப்பு போட்டப்ப அழிஞ்சிருக்கும் போல. அய்யோ, நான் பாக்கவே இல்லயே."

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் எழுதவே இல்லை அக்கா என்று நாலு சொல். சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் யாழினியின் கையைத் துப்பட்டாவால் மூடினேன்.

மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் திரும்பினோம். தெருமுனையில் இறங்கியதும் எனக்குள் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. "அவளுக்குனு ஒரு பேரு இருக்குதுக்கா. ஊர் தெரியாத, செத்துப்போன ஒண்ணால எம் பொண்ண கூப்பிடாதீங்க. அதனாலதான் அவ பேசமாட்டேங்கறா. இனிமே நான் வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்."

அக்கா எதிர்த்துப் பேசுவார் என்று நினைத்தேன். அவருக்கு வாதம் பண்ணுவது பிடிக்கும். தலையை மட்டும் ஆட்டினார். ஒற்றைச் செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பத்து நாள் கழித்து டாக்டரம்மாவிடம் போனேன். நடந்ததைச் சொல்லும்போது மைக்கில் வந்த பெயரையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு, வேறு என்னென்ன சொல்கிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஜன்னலுக்கு எப்போதும் அதேதான் சொல்கிறாளா? நாய்க்கு எப்போதும் அதேதானா? குளிரும்போது? ஆமாம், ஆமாம் என்றேன். நான் அழித்தது, எழுதாமல் விட்டது எல்லாம் சேர்த்து ஒன்பது வந்தது.

"ஒரு பொருளுக்கு எப்பவும் ஒரே சத்தத்த சொன்னா அது வார்த்ததாம்மா. எந்த மொழியா இருந்தா என்ன? இதெல்லாம் ஏன் இத்தன நாள் சொல்லல? பேசிக்கிட்டிருக்கிற கொழந்தைம்மா இது. யாரு இவகிட்ட இவ்ளோ பேசினது? அவங்கள விட்டுடாதீங்க."

பஸ்ஸில் வரும்போது முடிவு செய்துகொண்டேன். போனதும் காலில் விழுந்தாவது எல்லாவற்றையும் சொல்லிவிடுவது.

அக்கா வாசலில் துணி காயவைத்துக்கொண்டிருந்தார். யாழினி என் கையை உதறிவிட்டு அவரிடம் ஓடினாள். அவர் சட்டென்று ஒரு எட்டுப் பின்னால் போனார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். யாழினி அவர் புடவையைப் பிடித்து இழுத்தாள். கை வெளியே வரவில்லை.

"டாக்டர் இன்னா சொன்னாங்க?" என்றார்.

நான் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அவர் பிள்ளையைத் திரும்பக் கேட்பார் என்று தோன்றியது. கேட்டால் கொடுக்க வேண்டும். கொடுத்தால் மறுபடியும் ஏதாவது ஒரு வார்த்தைக்காக அந்தக் கையை விடுவார். "கொஞ்சம் கொஞ்சமா வந்துடும்னு சொன்னாங்கக்கா" என்றேன்.

"சந்தோஷம்ங்க" என்றார். என்னை அவர் வாங்க போங்க என்று பேசியது அன்றுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு மாற்றவே இல்லை.

காலையில் எதிர்வீட்டுக் கதவு திறப்பது நின்றுபோயிற்று. மூன்று மாதத்தில் யாழினி தமிழில் பேச ஆரம்பித்தாள். அய்த் ஜன்னலாயிற்று, க்ரோ நாயாயிற்று. ஒவ்வொன்றாக உதிர்ந்தபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அடுத்த வருடம் பேகோபுரத் தெருப் பக்கம் வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டோம்.

இப்போது அவள் மூன்றாம் வகுப்பு. வகுப்பில் பேச்சு ஜாஸ்தி என்று டைரியில் டீச்சர் எழுதி அனுப்புகிறார். போன மாதம் சாதிச் சான்றிதழ் விஷயமாக அவளையும் அழைத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் போயிருந்தேன். எதிரில் உள்ள ஜெராக்ஸ் கடையில் அக்கா நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்தார். பிறகு யாழினியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அம்மா, அந்தப் பாட்டி ஏம்மா என்னையே பாக்கறாங்க?" என்றாள் யாழினி உரக்க.

அவளையும் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனேன். நல்லா இருக்கீங்களா என்று கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதோடு திரும்பி வந்திருப்பேன். "அக்கா, அன்னிக்கு நான் நம்பரே எழுதலக்கா. மறந்துட்டேன். நீங்க அழிக்கல" என்றேன்.

ஜெராக்ஸ் மெஷின் ஒரு தாளைத் தள்ளியது, இன்னொன்றைத் தள்ளியது. அக்கா கடைப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னா?"

"பயமா இருந்துச்சுக்கா."

"எங்கிட்டயா?" என்றார். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல இருந்தது.

கடைக்காரர் தாள்களை நீட்டினார். அக்கா வாங்கி, விளிம்பு சரியாக இருக்கும்படி தட்டி அடுக்கிப் பையில் வைத்தார். எழுந்து நின்றுகொண்டு, யாரிடமோ சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

"எங்க தம்பிக்குப் பேத்தி பொறந்து ரெண்டு வருசம் ஆவுது. எல்லாரும் திட்டறாங்க. நான் அத இன்னும் கைல வாங்கல."

அவர் ரோட்டில் இறங்கி பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். நான் அங்கேயே நின்றேன்.

"அம்மா, கைய விடும்மா. வலிக்குது" என்றாள் யாழினி. இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் எனக்குக் கேட்டது.